கண் எரிகிறதே, காற்றில் என்ன? வீட்டிலும் வேலையிடத்திலும் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகம். கணக்குப் பிரிவில் இருந்த ஐந்து பெண்கள் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லி வந்தார்கள். வேலையிடக் காற்றை அளப்பது என் தொழில். ஒரு புதன்கிழமை மதியம் பிஐடி கருவியைத் தூக்கிக்கொண்டு போய் மூலை முடுக்கெல்லாம் அளந்தேன். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. "காற்றில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்த மூத்த அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, உங்க மிஷின் ஒண்ணும் இல்லைங்குது. என் கண்ணு இருக்குங்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அவர் கண் சொன்னதுதான் சரி. அறைக்குப் புதிதாகப் பலகைத் தடுப்புகள் போட்டிருந்தார்கள். அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசிந்துகொண்டிருந்தது. பிஐடி என்பது புற ஊதா விளக்கால் ஆவியை மின்னூட்டி எண்ணும் கருவி. வழக்கமான விளக்கின் ஆற்றல் 10.6 எலெக்ட்ரான் வோல்ட். ஃபார்மால்டிஹைடுக்கு ஏறக்குறைய 10.9 வேண்டும். ஆகவே அந்தக் கருவிக்கு இந்த வாயு தெரியவே தெரியாது. நாளும் தப்பு. சனி, ஞாயிறு ஏர்கோன் நின்று, கதவு ஜன்னல் மூடி, அறை வெந்து கிடக்கும் திங்கள் காலையில்தான் அங்கே அதிகம் தேங்கும். நான் போனது புதன் மதியம்.

அன்றிலிருந்து நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் உடம்பு சொல்வதை ஒழுங்காக எழுதுவது, அது காட்டும் நேரத்தையும் இடத்தையும் பார்த்து அப்புறம் கருவியைத் தேர்ந்தெடுப்பது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

இங்கே சோதிப்பது ஏற்கெனவே உங்களைச் சுற்றி இருக்கும் காற்றைத்தான். ஒரு பொருளைத் திறந்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பது, "எவ்வளவு தாங்குகிறேன் பார்க்கலாம்" என்று அளவைக் கூட்டுவது, இரண்டு திரவங்களைக் கலந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். குறிப்பாக, கிளோரோக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வெளுப்புத் திரவத்தோடு கழிவறை கழுவும் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின் வரும். மூடிய குளியலறையில் இரண்டுமே ஆளைச் சாய்க்கும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் ஆகியோரை வைத்துச் சோதனையே செய்யாதீர்கள். சந்தேகப்படும் பொருளை அவர்களிடமிருந்து அகற்றிவிடுங்கள்.

கண்ணில் எதுவும் தெறித்தால் சோதனை, குறிப்பு எல்லாம் அப்புறம். உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே கழற்றிவிட்டு, மருத்துவமனைக்குப் போங்கள். அமிலத்தைவிடக் காரம் மோசமானது, அது கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். சிமெண்டு, அமோனியா, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு எல்லாம் காரம்தான். சுண்ணாம்பு டப்பா வீட்டில் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கண் ஏன் முதலில் எரிகிறது

கருவிழி உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக அடர்ந்த இடங்களில் ஒன்று. அந்த நரம்பு முக்கிளை நரம்பின் கிளை. மூக்கின் உட்புறத்துக்கும் அதே நரம்புதான் போகிறது. அதனால்தான் கண்ணும் மூக்கும் சேர்ந்தே ஒழுகுகின்றன. வெங்காயம் நறுக்கும்போது நடப்பது இதுதான். வெட்டுப்பட்ட திசுவில் நொதிகள் வேலை செய்து ஒரு கந்தக ஆவி எழுகிறது, அது கண்ணீர்ப் படலத்தில் கரைகிறது, நரம்பு மூளைக்குச் சொல்கிறது, கண்ணீர் பெருகுகிறது. அந்த ஆவியை உண்டாக்கும் நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள்.

வாசனை வேறு, எரிச்சல் வேறு. வாசனையை உணர்வது வேறொரு நரம்பு. வாசனை சில நிமிடங்களில் பழகிப்போகும். எரிச்சலோ பல வேளைகளில் நேரம் போகப் போகக் கூடும். "உள்ளே நுழைந்ததும் பெயிண்ட் வாசம், அப்புறம் தெரியவில்லை, ஆனால் 11 மணிக்குக் கண் எரிகிறது" என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய் என்று நினைக்காதீர்கள். உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆய்வகத்தில் இந்த இரண்டையும் பிரிக்க ஓர் அழகான சோதனை உண்டு. ஒரு மூக்குத் துளையில் ஆவி, மறுதுளையில் சுத்தமான காற்று. வெறும் வாசனை என்றால் எந்தப் பக்கம் வந்தது என்று மனிதரால் சொல்ல முடியாது. எரிச்சல் என்றால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆய்வகங்கள் சோதிக்கும் விதம்

1944இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் ஒரு முறையை வெளியிட்டார். முயலின் கண்ணில் பொருளை இட்டு, சிவப்பு, வீக்கம், கருவிழி மங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் முறை. பல பத்தாண்டுகள் உலகமே அதைத்தான் பின்பற்றியது. இன்று கசாப்புக்கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கண்ணின் கருவிழி, ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் கருவிழித் திசு போன்ற மாற்றுமுறைகளை ஓஇசிடி என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஏற்றிருக்கிறது. முயலை வதைக்காமல் விடை கிடைக்கும் வழி வந்தது எனக்கு உண்மையிலேயே நிம்மதி. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் திரவத்தையும் பொடியையும் கண்ணில் இட்டுப் பார்ப்பவை. மெல்லிய ஆவி எட்டு மணி நேரம் கண்ணைத் தடவிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு 1966இல் ஈவ் அலாரி ஒரு வழி காட்டினார். எரிச்சலூட்டும் காற்றைச் சுவாசித்தால் எலி தன்னிச்சையாக மூச்சை மெதுவாக்கும். மூச்சு வேகம் பாதியாகும் செறிவுக்கு ஆர்டி50 என்று பெயர். அந்த எண்ணின் நூற்றில் மூன்று பங்கு, மனிதர் நாள் முழுக்க எரிச்சலின்றி இருக்கக்கூடிய அளவை ஒட்டி வருவதைப் பல பொருள்களில் பார்த்தார்கள். ஃபார்மால்டிஹைடுக்கு ஒரு எலி இனத்தில் ஆர்டி50 ஏறக்குறைய 3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் மூன்று பங்கு. நூற்றில் மூன்று பங்கு என்றால் 0.09. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு உள்ளரங்கக் காற்றுத் தர நடைமுறைக் கோவையில் ஃபார்மால்டிஹைடுக்கான வரம்பு 0.1 பிபிஎம். எலியின் மூச்சும் அலுவலக அக்காவின் கண்ணும் எவ்வளவு அருகருகே வந்து நிற்கின்றன, பாருங்கள்.

முதல் படி: ஒரு வாரக் குறிப்பேடு

எதையும் மாற்றாமல் ஏழு நாள் எழுதுங்கள். நாளுக்கு நான்கு நேரம்: எழுந்ததும், வேலைக்குப் போன ஒரு மணி நேரத்தில், வேலை முடியும்போது, தூங்கும் முன். கண் எரிச்சல், மூக்கு, தொண்டை, இருமல், தலைவலி, தோல் அரிப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண். பக்கத்தில் எங்கே இருந்தீர்கள், என்ன எரிந்தது அல்லது தெளிக்கப்பட்டது, ஏர்கோனா ஜன்னலா, மழையா வெயிலா என்று ஒரு வரி.

எண்ணை அந்த நேரத்திலேயே போடுங்கள். இரவில் உட்கார்ந்து நான்கையும் நினைவிலிருந்து எழுதினால் அது கதையாகிவிடும். ஓய்வு நாளும் கட்டாயம் இருக்க வேண்டும். வேலை நாளில் கண் 7, ஞாயிறு 1 என்றால் வேலையிடம். ஞாயிறு காலை பூசை முடிந்து சாம்பிராணி போட்ட பிறகு 6 என்றால் வீடு. இரண்டிலும் ஒரே எண் என்றால் வெளிக்காற்று அல்லது கண்ணிலேயே கோளாறு.

வெளிக்காற்றை இந்த ஊரில் மறக்கவே கூடாது. 1997, 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டத்தை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுற்றுச்சூழல் துறை வெளியிடும் ஐபியு என்னும் காற்று மாசுக் குறியீட்டை ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 50 வரை நலம், 100 வரை மிதம், 101 முதல் உடல்நலத்துக்குக் கேடு, 200க்கு மேல் மிகக் கேடு, 300க்கு மேல் அபாயம். 100ஐத் தாண்டிய நாள்களின் எண்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அந்த நாள்களை வைத்து அலுவலகத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: கண்ணை அளப்பது

உணர்வுக்கு எண் போட்டால் மட்டும் போதாது, வெளியே தெரியும் அளவும் வேண்டும். வீட்டிலேயே மூன்று செய்யலாம்.

கண்ணீர்ப் படலச் சோதனை: இரண்டு முறை கண்ணைச் சிமிட்டுங்கள், பிறகு சிமிட்டாமல் நேரே பாருங்கள். குத்தலோ எரிச்சலோ தொடங்கும் வரை எத்தனை விநாடி? மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கண் மருத்துவர் மஞ்சள் சாயம் இட்டு நீல விளக்கில் பார்க்கும் சோதனையின் எளிய வடிவம் இது. அவர்கள் கணக்கில் 10 விநாடிக்குக் குறைந்தால் படலம் சீக்கிரம் உடைகிறது என்று பொருள். வீட்டுச் சோதனை அவ்வளவு துல்லியம் இல்லை, ஆனால் உங்கள் காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிடப் போதும். ஃபேன் காற்றுக்கு நேரே உட்கார்ந்து செய்யாதீர்கள்.

சிமிட்டல் எண்ணிக்கை: கைப்பேசியை எதிரே வைத்து ஐந்து நிமிடம் படம் பிடித்து எண்ணுங்கள். ஆளுக்கு ஆள் மாறும், சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 என்பது ஒரு பொதுவான கணக்கு. எரிச்சல் கூட்டும், கணினித் திரை குறைக்கும். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்துகொண்டே எண்ண வேண்டும், இல்லாவிட்டால் திரையைத்தான் அளந்தவர்கள் ஆவீர்கள்.

படம்: ஒரே விளக்கு, ஒரே தூரம், கீழிமையை மெல்ல இறக்கி ஒரு படம். மருத்துவரிடம் போகும்போது இது பேசும்.

இருமலோ மூச்சிறைப்போ இருந்தால் மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் கருவி அது. ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி அதிக எண்ணை எழுத வேண்டும். நாளுக்கு நான்கு முறை, வேலை நாளும் ஓய்வு நாளும் சேர்த்துக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு. ஒரே நாளுக்குள் ஏற்ற இறக்கம் 20 விழுக்காட்டைத் தாண்டுவது வேலை நாளில் மட்டும் நடந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ பேர் சோல்டரிங் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சோல்டரிங் பிசினின் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது நன்கு தெரிந்த செய்தி. கண் எரிச்சலை அதன் முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சந்தேகப் பட்டியல்

வீட்டைச் சுற்றி ஒரு நடை. கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, புதிய அலமாரி, பெயிண்ட், தின்னர், வாசனைத் தெளிப்பான், தரை கழுவும் திரவம், அடுப்பு, டெங்கிக்காக அடிக்கும் ஃபோகிங், பக்கத்து வீட்டு வாசலில் சீனர்களின் பேய் மாதத்தில் எரிக்கும் காகிதம். எதையும் நம் வழக்கம் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சீன, மலேசியக் கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்து 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவுக்கும் போகலாம் என்றது. நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்து வீட்டில் பலகை இடுக்கெல்லாம் காற்று வரும். இன்றைய அடுக்குமாடியில் ஜன்னலை மூடி, ஏர்கோனைப் போட்டு, அதே சுருளைக் கொளுத்துகிறோம்.

வேலையிடத்தில் எஸ்டிஎஸ் என்னும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு விதிமுறைப்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். முழுக்கப் படிக்க வேண்டாம். 2ஆம் பகுதியில் எச் எண்களைத் தேடுங்கள்: எச்319 கண்ணுக்குக் கடும் எரிச்சல், எச்318 கண்ணுக்குக் கடும் சேதம், எச்335 மூச்சுப்பாதை எரிச்சல், எச்334 சுவாச ஒவ்வாமை. பிறகு 9ஆம் பகுதியில் ஆவியழுத்தம். அது அதிகமென்றால் மூடி திறந்திருக்கும்போதே காற்றில் கலக்கும். எச்319 இருந்தும் ஆவியாகாத பொருள், தெளிக்காதவரை காற்று வழியாக உங்கள் கண்ணுக்கு வர வாய்ப்பு குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே நீளமான பட்டியல் மூன்று நான்காகச் சுருங்கிவிடும்.

நான்காம் படி: எடு, பார், திரும்ப வை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று நாள் வழக்கம்போல், மூன்று நாள் அது இல்லாமல், மறுபடி மூன்று நாள் வழக்கம்போல். எண் இறங்கி, திரும்ப ஏறினால் சந்தேகம் வலுக்கிறது. ஒரே வாரத்தில் சாம்பிராணியையும் நிறுத்தி, புதுத் திரவத்தையும் மாற்றி, ஜன்னலையும் திறந்தால் கண் நலமாகலாம், ஆனால் எதனால் என்று தெரியாது. கண் சிவந்து கிடந்தாலோ மூச்சு வாங்கினாலோ மூன்றாம் சுற்று வேண்டாம், எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும்.

எதிர்பார்ப்பும் எண்ணை மாற்றும். ஆகவே முடிந்தால் மறைத்துச் செய்யுங்கள். காற்றுச் சுத்திகரிப்பானுக்குள் ஃபில்டர் இருக்கிறதா இல்லையா என்பது மனைவிக்கோ அண்ணனுக்கோ மட்டும் தெரியட்டும். எண் போடுபவருக்குத் தெரிய வேண்டாம். ஊதுபத்தியில் இது நடக்காது, வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அங்கேதான் விநாடிக் கணக்கும் சிமிட்டல் கணக்கும் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: கருவி

இப்போதுதான் பணம் செலவழிக்க வேண்டும், அதுவும் குறிப்பேடு காட்டும் திசையில்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் எரிச்சலை அளக்காது. காற்று மாறுகிறதா என்பதைச் சொல்லும். முதலில் வெளியே வைத்துப் பாருங்கள், 420 பிபிஎம்மை ஒட்டிக் காட்ட வேண்டும். உள்ளே 1000ஐத் தாண்டினால் நடைமுறைக் கோவையின் வரம்பைத் தாண்டிவிட்டது. நானாக இருந்தால் முதலில் இதைத்தான் வாங்குவேன்.

நுண்துகளை அளக்கும் பிஎம்2.5 மீட்டர் புகைக்கு நல்லது. ஆனால் ஒளியைச் சிதறடித்து எண்ணும் மலிவான வகை, நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போன துகளையும் பெரிதாகக் காட்டும். மழை நாளின் எண்ணை வெயில் நாளோடு ஒப்பிடாதீர்கள்.

இணையத்தில் விற்கும் மலிவான ஃபார்மால்டிஹைடு மீட்டர்களை நான் நம்புவதில்லை. கையில் சானிடைசர் தடவிக்கொண்டு பக்கத்தில் போனாலே பலவற்றில் எண் எகிறும், ஏனென்றால் ஆல்கஹாலுக்கும் அவை அசையும். சரியான வழி, வேதிப்பொருள் பூசிய குழாயில் பம்பு வைத்துக் காற்றை இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், செலவும் உண்டு. எங்கே, எப்போது அளப்பது என்பதை உங்கள் குறிப்பேடு சொல்லட்டும்: எண் மிக அதிகமான நாள், அந்த மணி, நீங்கள் உட்காரும் நாற்காலி, உங்கள் மூக்கின் உயரம். வாசலில் நின்று அளந்த எண் வாசலுக்குத்தான் பொருந்தும்.

ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் மறக்க வேண்டாம். அதே நடைமுறைக் கோவை சொல்வது 40 முதல் 70 விழுக்காடு, 23 முதல் 26 டிகிரி. ஏர்கோன் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இருக்கையில் ரசாயனமே இல்லாமல் கண் எரியும். இருக்கையை மாற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், செலவும் இல்லை.

ஆறாம் படி: யாரிடம் கொண்டுபோவது

வேலையிடம் என்றால் முதலில் பாதுகாப்புக் குழு. 2000ஆம் ஆண்டின் யூசெக் விதிமுறைகள், உடல்நலத்துக்குக் கேடான ரசாயனம் பயன்படுத்தும் முதலாளி அதன் ஆபத்தைப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை வைத்து மதிப்பிட வேண்டும் என்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். முடிவைத் தொழிலாளர் தெரிந்துகொள்ளலாம், கேளுங்கள். அதே விதிமுறையில் ஃபார்மால்டிஹைடு எந்நேரமும் தாண்டக் கூடாத அளவு 0.3 பிபிஎம். அலுவலகக் கோவையின் 0.1ஐ விட இது மூன்று மடங்கு. "வரம்புக்குள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேட்க வேண்டும்.

அசையாவிட்டால் தொழில் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கு, அதாவது டோஷுக்கு எழுதலாம். திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி எதுவும் செய்யாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளருக்கு அதில் உரிமை உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது குறிப்பேட்டையும் எஸ்டிஎஸ்ஸையும் கொண்டுபோங்கள். வெறுமனே "கண் எரியுது டாக்டர்" என்றால் சொட்டு மருந்தோடு வந்துவிடுவீர்கள். வேலையால் வந்த நோய் என்று மருத்துவர் கருதினால் டோஷுக்கு அறிவிக்கும் கடமை அவருக்கு உண்டு, சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீடு கோரவும் வழி திறக்கும். எந்தப் பொருள் என்று தெரியாமல் திகைத்தால், பினாங்கிலேயே யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது. அதன் எண்ணைக் கைப்பேசியில் இன்றே சேமித்துவையுங்கள்.

பலருக்கு ஒரே நேரத்தில் கண் எரிந்து, வாந்தி, மயக்கம் என்றால் குறிப்பேட்டை மூடிவிட்டு வெளியேறி 999ஐ அழையுங்கள். ஜொகூர் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவின் ஆவியால் பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போவதுதான் செய்ய வேண்டியது.

ஏழாம் படி: சரிசெய்த பிறகு மறுபடி அளப்பது

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பலகையை மாற்றினார்கள், ஃபேன் போட்டார்கள், அதோடு முடிந்தது என்று கோப்பை மூடுகிறார்கள். அதே நாற்காலி, அதே கிழமை, அதே மணி, அதே சோதனை என்று இன்னொரு வாரம் எழுதினால்தான் தெரியும்.

பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் தடுப்புகளை எடுத்தார்கள், ஞாயிறு மாலையே காற்றோட்டத்தை ஓடவிட்டார்கள். அடுத்த திங்கள் காலை 9 மணிக்கு நான் அங்கே இருந்தேன், இந்த முறை சரியான குழாயோடு. ஆய்வக முடிவு வர ஒரு வாரம் ஆகும். அக்கா காத்திருக்கவில்லை. இரண்டு முறை சிமிட்டிவிட்டு நேரே பார்த்து எண்ணத் தொடங்கினார். போன மாதம் அவரால் 5 விநாடிக்கு மேல் முடியவில்லை. அன்று 13இல் நிறுத்தினார், குறிப்பேட்டை எடுத்து அந்த எண்ணைத் தானே எழுதினார்.